நல்லா பார்த்துக்குவானா?

மணலில் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளக்கூடாது. தள்ளினால் முன்னால் இருக்கிற இரண்டு சின்னச் சக்கரமும் மண்வெட்டி மாதிரி மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். உட்கார்ந்திருப்பவர் குப்புற விழ வேண்டியதுதான். நாற்காலியைத் திருப்பி, பின்னால் சாய்த்து, முன்சக்கரம் தரையில் படாமல் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகணும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. போன வருஷம் பங்குனியில் அரியமான் கடற்கரையில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி என் தங்கச்சியை அப்படி இழுத்துப் போனபோது கூடவே நடந்து பார்த்தேன்.

அப்படிப் போவதில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் பார்க்கப் போகிறவளுக்குப் போகிற வழியெல்லாம் கரைதான் தெரியும். சவுக்கு மரமும், ஐஸ் வண்டியும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிற நானும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்டாள். "நாலு பாகம்தான்" என்றான் அவன். ஆட்டோ ஓட்ட வருவதற்கு முன் படகில் போனவன். அளவு இன்னமும் பாகத்தில்தான் வரும். ஈரமணல் வந்ததும் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பினான். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவள் கடலைக் கிட்டத்தில் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள், வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள். அரியமான் பெண் கடல். அலை ஓய்ந்த நாளில் ஏரி மாதிரி கிடக்கும். "சத்தம் போடலேன்னா உடனே பொம்பளப் பேரு வச்சிர்றாக" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போனதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

பேர் சொல்லப்போவதில்லை. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீட்டுக்குத் தெரிகிற ஊர்.

அவள் என் சித்தி மகள். இருபது வயதில் காலேஜ் தோழியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது துப்பட்டா சக்கரத்தில் சுற்றி இழுத்துவிட்டது. முதுகெலும்பு இடுப்புக்குச் சற்று மேலே நொறுங்கிவிட்டது. கை, தோள், பேச்சு, கோபம் எல்லாம் பழையபடி இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மதுரையில் ஆபரேஷன், அப்புறம் வேலூரில் மூன்று மாதம் மறுவாழ்வுப் பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தெடுத்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் சாலை விபத்தில் இதே மாதிரி கால்கள் செயலிழந்து, பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் அவர் முயற்சியில் அங்கே மறுவாழ்வு மையம் வந்தது. தங்கச்சிக்கு அந்தக் கதை மனப்பாடம். ஊர் திரும்பியதும் சொல்லத்தான் ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று வெளியே தெரியாது. நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்கணும். விட்டால் கிருமி, காய்ச்சல், சிறுநீரகம் வரைக்கும் போகும். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கணும். நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கணும். மறந்தால் படுக்கைப்புண். வலி தெரியாத இடம் என்பதால் எலும்பு தெரிகிறவரைக்கும் புண் வந்ததே தெரியாது. எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். உப்புக்காற்று. மற்ற ஊரில் பல வருஷம் வருகிற வீல்சேர் பேரிங் இங்கே ஒரு வருஷத்தில் கிறீச்சிட ஆரம்பித்துவிடும்.

அந்தப் பேரிங்கில்தான் அவன் வீட்டுக்குள் வந்தான். பிசியோவுக்கு ராமநாதபுரம் கூட்டிப்போகிற ஆட்டோ அவனுடையது. ஒரு நாள் சக்கரம் சத்தம் போடுகிறதென்று அவனாகவே கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டினான். அடுத்த வாரம் டியூப் பெட்டி வாங்கிவந்தான். அதற்கடுத்து, சித்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு நாளில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். சித்தப்பா விசைப்படகில் போகிறவர். வாரத்தில் மூன்று நாள் கடல். போனால் மறுநாள்தான் கரை. எனவே காலை ஏழு மணிக்கு ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவன் வந்து தூக்கி உட்காரவைப்பது, ராத்திரி எட்டு மணிக்கு வந்து கட்டிலில் விடுவது என்று வழக்கமாகிவிட்டது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, டியூப் எல்லாம் சித்தி. தூக்குவது, இறக்குவது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் அவன். ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரைப் பொறுத்தவரை அவள் பெண் கணக்கில் வரவில்லையே! வயசுப்பெண் வீட்டுக்கு ஒரு வயசுப்பையன் தினம் இரண்டு வேளை வந்துபோனால் மூன்றாம் நாள் கூட்டம் போடுகிற ஊர் அது. மூன்று வருஷம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, அவமானம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவளே ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

அரியமானுக்குப் போய்வந்த ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷம் முப்பது விநாடிக்கு அவள் குரல் வந்தது. அதில் முதல் நாற்பது விநாடி வெறும் மூச்சு.

*

வீட்டில் இவர்கள் காதல் தெரிந்ததும் இரண்டு குரல் எழும்பியது. ஒன்று சித்தியுடையது: "இவன் எதுக்கு வாரான்? கையும் காலும் நல்லா இருக்கவன், இவகிட்ட என்னத்தப் பாத்து வாரான்? வீட்டைப் பாத்தா, நகையைப் பாத்தா?" இன்னொன்று சித்தப்பாவுடையது: "பெரிய மனசுக்காரன்த்தா. தியாகி. யாரு செய்வா இப்படி?"

ஒருவருக்கு அவன் திருடன், இன்னொருவருக்கு அவன் தெய்வம். அவளைப் பிடித்துப்போய் வந்திருக்கலாம் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பெற்றவர்கள்தான். பாசத்துக்குக் குறைவில்லை.

நம் கதைகளும் இப்படித்தான் பழக்கியிருக்கின்றன. தொழுநோய் வந்த கணவனைக் கூடையில் வைத்துச் சுமந்த நளாயினியை எல்லோருக்கும் தெரியும். நடக்க முடியாத மனைவியைக் கூடையில் சுமந்தவன் என்று ஒருத்தன் பேரை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெண் சுமந்தால் அது கற்பு, கடமை. ஆண் சுமந்தால் தியாகம். இல்லையென்றால் ஏதோ உள்நோக்கம்.

ஆனால் பழைய இலக்கியத்தில் ஒரு ஓரத்தில் வேறு ஒன்று கிடக்கிறது. கலித்தொகையில் மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலி, 94ஆம் பாட்டு. அரண்மனையில் வேலை செய்கிற ஒரு கூனியும் ஒரு குள்ளனும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அவள் கூனைக் கிண்டல் செய்கிறான், அவள் அவன் உயரத்தைக் கிண்டல் செய்கிறாள். சண்டை பிடித்து, சமாதானமாகி, அரண்மனைக்கு வெளியே சோலையில் சந்திப்போம் என்று பேசி முடிக்கிறார்கள். ஏவலர் காதலை இலக்கணம் ஐந்திணைக்கு வெளியேதான் நிறுத்தியது. நகைச்சுவைப் பாட்டு என்றுதான் பலரும் இதைக் கடந்துபோவார்கள். நான் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டியபோது அவள் பிடித்தது ஒரே விஷயத்தை: "அக்கா, ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்றாகள்ல? என்னைய இந்த ஆறு வருஷத்துல யாருமே கிண்டல் பண்ணல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவன் பண்ணுவான்" என்றாள்.

*

கல்யாணம் என்ற பேச்சு வந்ததும் அவள் முதலில் போனில் தேடியது அரசு உதவித் திட்டம். ஆரி எம்பிராய்டரி வேலை செய்து சம்பாதிக்கிறவள், கணக்கில் கெட்டி. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி திருமணத்துக்கு உதவித்தொகை உண்டு. 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்க நாணயமும். பட்டம் படித்திருந்தால் 50,000 ரூபாய். முதல் திருமணமாக இருக்கணும், ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நல்ல திட்டம், எத்தனையோ வீட்டில் தாலி ஏறியிருக்கிறது. அதன் தலைப்பைத்தான் அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். மாற்றுத்திறனாளியைத் திருமணம் செய்துகொள்ளும் 'நல்ல நிலையில் உள்ள' நபர் என்று வரும்.

"அப்ப நான் என்ன நிலையில இருக்கேனாம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத்திறனாளி என்று வைத்தோம். எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல் மாற்ற மறந்துவிட்டோம் போல.

வேலூரில் டாக்டர் அவளிடம் நேராகச் சொல்லியிருந்தார். முதுகுத்தண்டு அடிபட்ட பெண்ணுக்கு ஆரம்பத்தில் சில மாதம் மாதவிலக்கு நின்றுபோகலாம், பிறகு திரும்ப வந்துவிடும். குழந்தை பெறுகிற தன்மை பெரும்பாலும் போவதில்லை. முதுகுத்தண்டில் நெஞ்சின் நடுமட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டிருந்தால் பிரசவத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறுகிற ஆபத்து உண்டு, அவளுடையது கீழ்ப்பக்கம். சிறுநீர்க் கிருமியும் புண்ணும் வராமல் கவனிக்கணும். இதைச் சித்தியிடம் சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டாள். மகள் உடம்பில் அவள் கை படாத இடமில்லை. அந்த உடம்புக்கு ஆசை என்று ஒன்று இருக்கும் என்பதை மட்டும் கேட்க முடியவில்லை. ராம் எடுத்த 'பேரன்பு' (2019) படத்தில் ஒரு அப்பா இந்த இடத்தில்தான் வந்து திகைத்து நிற்பார். படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர்.

*

சித்தியின் பயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. நியாயமான பயம் அது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு 'பராமரிப்பு' என்று கேட்டாலே ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் 'இங்கே பார்த்துக்குவாங்க' என்று நம்பித்தான் விட்டிருப்பார்கள்.

சண்டிகரில் ஒரு வழக்கு. அரசுக் காப்பகத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத, மனவளர்ச்சி குறைந்த ஒரு பெண் அந்தக் காப்பகத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்திலேயே நடந்த கொடுமை. அந்த வழக்கின் இன்னொரு பாதியைப் பலர் சொல்வதில்லை. உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்க உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக்கூடாது என்றது. அவருக்கு நடந்தது குற்றம், அவர் வாயிலிருந்து வந்தது விருப்பம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நீதிமன்றம் தனித்தனியாகப் பார்த்தது.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92ஆம் பிரிவு இருக்கிறது. ஊனமுள்ள ஒரு பெண்ணின் விருப்பத்தை அடக்கி ஆளக்கூடிய இடத்தில் இருக்கிற ஒருவர் அந்த இடத்தை வைத்து அவளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. 'அடக்கி ஆளக்கூடிய இடம்' என்பதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறானே, அந்த இடம்தானே அது? அவன் நல்லவனாகவே இருக்கட்டும். நின்றுகொண்டிருக்கிற இடம் அது.

எனவே ஒரு நாள் அவளிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அவன் மேல உனக்குக் கோபம் வருமா?"

"வராதுக்கா."

"ஒரு தடவைகூட வந்ததில்லையா?"

ஊசியில் ஜரிகை கோர்த்துக்கொண்டிருந்தாள். கோர்த்து முடித்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம்தான் பதில் வந்தது.

"வந்தா, மறுநாள் காலையில கட்டில்ல இருந்து யாரு என்னைய இறக்குவா?"

எனக்கு அன்றைக்குத்தான் முழுதும் விளங்கியது. அவன் எதற்காக வருகிறான் என்று நாங்கள் எல்லோரும் அவனையே துருவிக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டிய கேள்வி இவள் பக்கம் இருந்தது. 'வேண்டாம், போ' என்று இவளால் அவனிடம் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு மறுநாள் பல் தேய்க்க முடியுமா? முடியாது என்றால் இவள் சொல்கிற 'வேணும்' என்பதற்கும் எடையில்லை. அவன்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவள் காதலை நான் நம்பணும் என்றால் அவளுக்கு முதலில் இன்னொரு ஆள் வேணும்.

*

இதில் எனக்கு வழி காட்டியவர் ஒரு அமெரிக்கர். எட் ராபர்ட்ஸ். 1953இல் பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ராத்திரி மூச்சுவிட இரும்புக் கூண்டு மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்கணும். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போராடிச் சேர்ந்தார். அங்கே ஒரு பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்தார். எங்கே போனாலும் நாற்காலியைத் தள்ளுகிற உதவியாளரும் கூடவே. இரண்டு பேர் பேசுகிற இடத்தில் மூன்றாவது ஆள்! மோட்டார் நாற்காலி உனக்கு ஓட்ட வராது என்று முன்பே கையை விரித்திருந்தார்கள். அவருக்கு அசைவதே இரண்டு விரல்தான். காதல் வந்ததும் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தன் விரலுக்கு வாக்காக மாற்றிவைத்து ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். இந்தக் கதையை அவரே ரசித்துச் சொல்லியிருக்கிறார். 1972இல் பெர்க்லியில் தொடங்கிய சுயசார்பு வாழ்க்கை மையத்துக்குப் பின்னால் முக்கியமானவர் அவர்தான். உதவிக்கு ஆள் வேணும், அந்த ஆள் நான் சம்பளம் கொடுத்து, நான் சொல்கிறபடி வேலை பார்க்கிறவராக இருக்கணும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஸ்வீடனில் 1994 முதல் அதுவே சட்டம். உதவியாளர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது.

நாம் ஸ்வீடன் இல்லை. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அவளுக்கு அது வருகிறது. ஆரி வேலையில் முகூர்த்த மாதம் நன்றாக வரும், ஆடியில் வராது. என் பங்குக்கு மாதம் 1,500 போட்டேன். அடுத்த தெருவில் ஒரு அக்கா. பாசி எடுக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முழங்கால் வலியால் விட்டுவிட்டார். காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று பேசி முடித்தோம்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. வேலூரில் சறுக்குப் பலகை வைத்துத் தானாகவே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழக்கிவிட்டிருந்தார்கள். அவளுக்கு இருக்கிற கை வலுவுக்கு அது முடியும். வீட்டுக்கு வந்தபிறகு பலகை பரணுக்குப் போய்விட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கட்டில் நாற்காலியைவிட நாலு அங்குலம் உயரம். கட்டிலுக்கு ஏறுவது மலையேறுவது மாதிரி. தூக்கிவிடத்தான் ஆள் இருக்கிறதே என்று எல்லோரும் விட்டுவிட்டோம். ஆசாரியைக் கூப்பிட்டு நாலு காலிலும் நாலு அங்குலம் அறுத்தோம். அரை மணி நேர வேலை, 300 ரூபாய். கழிப்பறை நிலைக்கதவையும் பெயர்த்துவிட்டு மடக்குக் கதவு போட்டோம். நாற்காலி இப்போது உரசாமல் போகிறது. ஆறு வருஷம் அவளைப் பார்த்துக்கொண்டோம், பார்த்துக்கொண்டோம் என்றோமே, கட்டில் காலை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பலகையை வைத்து, கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, இரண்டு விரற்கடை நகர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி... முதல் நாள் பதினேழு நிமிஷம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் வாசல் பக்கம் நின்று கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். தூக்கப் பழகிய கையைச் சும்மா வைத்திருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவன் கைகட்டி நின்ற விதத்தில் தெரிந்தது.

*

அப்புறம் சண்டை வந்தது.

ஆட்டோ ஸ்டாண்டில் யாரிடமோ அவன் "நான் இல்லாட்டி அந்தப் புள்ள பாடு திண்டாட்டம்" என்று சொல்லியிருக்கிறான். பெருமைக்குச் சொன்னானோ, பாசத்தில் சொன்னானோ, நாலு வாய் கடந்து அவள் காதுக்கு வந்துவிட்டது. ராத்திரி அவன் வந்தபோது, "நாளையில இருந்து வராத" என்றாள். அவன் விளையாட்டு என்று நினைத்தான். "வராதேன்னு சொன்னேன்ல!" சித்தி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அந்த வீட்டில் ஆறு வருஷத்தில் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. ஆண் கடல், பெண் கடல் எல்லாம் அன்றைக்கு இடம் மாறிப்போனது.

பத்தொன்பது நாள் அவன் வரவில்லை.

பதினோராவது நாள் பலகை நழுவிக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் யாருமில்லை. போன் கையில்தான் இருந்தது. அவன் ஸ்டாண்டிலிருந்து வர ஐந்து நிமிஷம். அவனைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. அடுத்த தெரு அக்கா வருகிறவரைக்கும் நாற்பது நிமிஷம் தரையிலேயே இருந்திருக்கிறாள். "பயமா இல்லையா?" என்றேன். "கால் மணிக்கு ஒருக்கா கையை ஊண்டித் தூக்கிக்கிட்டேன். நடுவுல போன்ல வடிவேலு பாத்தேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த திமிர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இருபதாவது நாள் சாயங்காலம் அவன் வந்தான். நான் திண்ணையில் இருந்தேன். மூன்று வருஷமாகச் செருப்பை உதறிவிட்டு நேராக அவள் அறைக்குள் போய்ப் பழகியவன், அன்றைக்கு வாசற்படிக்கு வெளியே நின்றான். ஆட்டோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே பார்த்து, "வரட்டுமா?" என்றான்.

உள்ளேயிருந்து உடனே பதில் வரவில்லை. அவன் நின்றான். நானும் கையில் இருந்த முருங்கைக்கீரையை ஆயாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ம்" என்றாள்.

*

இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு இருக்காது. ஆனால் ஆண்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். பேசி முடிக்க வேண்டிய காரியங்களுக்கு நல்ல நேரம். போன ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவும் தாய்மாமாவும் தட்டோடு வந்தார்கள். அந்த அம்மா வந்ததிலிருந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன்மேல் அவருக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. மறைக்காததே நல்லது என்று எனக்குப் பட்டது. அவரும் பழக வேண்டாமா?

காபி கொடுத்தாயிற்று. சீர், செலவு பேசியாயிற்று. சித்தப்பா தொண்டையைச் செருமினார். நம் வீடுகளில் பெண்ணைப் பெற்ற எல்லா அப்பாவும் கேட்கிற கேள்விதான். என் கல்யாணத்தில் என் அப்பாவும் கேட்டார். தமிழில் கல்யாணத்துக்கும் பராமரிப்புக்கும் நாம் வைத்திருப்பது ஒரே வார்த்தை.

"எம் பொண்ண நல்லா பாத்துக்குவியாப்பா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என்னையப் பாத்துக்க அடுத்த தெரு அக்கா இருக்காக. கல்யாணத்துக்கு அப்புறமும் அவுக வருவாக. இப்பவே சொல்லிட்டேன்." தாய்மாமா பக்கம் திரும்பி மரியாதையாகச் சிரித்தாள். "இவரு எங்கூட இருந்தாப் போதும்."

கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவன் அம்மாதான் முதலில் எழுந்தார். காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனவர், வழியில் நாற்காலி குறுக்கே இருந்ததால் நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்கத்தா" என்றார்.

அவள் சக்கரத்தைப் பிடித்துத் தானே பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.